வற்றிய கண்மாயும் திறந்த மடையும்

1996-ஆம் ஆண்டுக் கோடை. சாயல்குடிச் சாலையோரப் பனங்காட்டில் பதநீர் இறக்க ஏறிய எங்கள் பெரியப்பா தவறி விழுந்தார். மேனியில் பெரிய காயமில்லை. ஒரு சொட்டுக் குருதியும் வெளிவரவில்லை. ஆயினும் முகம் வெளிறிற்று, கைகால்கள் சில்லிட்டன, நாடி மெலிந்து விரைந்தது. கடலாடியில் மருத்துவர் ஒருவர் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியைச் செலுத்தினார். ஊசி போட்டாயிற்று, இனி அச்சமில்லை என்று நாங்கள் தேறினோம். வண்டி தேடாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இராமநாதபுரம் சென்று சேருமுன் அவர் உயிர் பிரிந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே குருதி கொட்டியிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

அவ்வூசியின் மீது அத்தனை நம்பிக்கை எங்ஙனம் வந்தது? பிற்காலத்தில் படித்தறிந்ததைச் சொல்கிறோம்.

வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. அதில் மூன்றிலொரு பங்கு போய்விட்டால், உடல் எங்களூர் நீர்பாய்ச்சி செய்வதையே செய்கிறது. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான மடைகளைச் சுருக்கி, எஞ்சியதை மூளைக்கும் இதயத்துக்கும் காக்கிறது. பெருமளவு ஸ்டீராய்டு கொடுத்தால் சுருங்கிய நாளங்கள் விரிந்து ஓட்டம் மீளும் என 1960களில் மருத்துவர் பலர் கருதினர். விலங்காய்வுகளில் சில நற்பலன்களும் தென்பட்டன. மனிதரிடத்தில் அந்நம்பிக்கை நிலைபெறவில்லை. கண்மாயே வற்றிக் கிடக்கையில் மடையைத் திறந்து ஆவதென்ன?

ஸ்டீராய்டு நஞ்சன்று. அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசால் இன்றேல் நாளங்கள் அட்ரினலினுக்குச் செவ்வனே இசையா. அச்சுரப்பி பழுதுற்றோருக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டோருக்கும் அது இன்றும் உயிர்காக்கும் மருந்தே. ஏனையோருக்கு வேண்டுவன கசிவை அடைப்பதும் குருதி ஏற்றுவதுமே. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, குருதியுறைவைக் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் இறப்பைக் குறைப்பதைக் காட்டியது. அதுவும் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். அங்கும் காலமே பெருமருந்து.

அம்மருத்துவரை நாங்கள் பழிப்பதில்லை. பலரும் கைக்கொண்ட வழக்கத்தையே அவரும் கைக்கொண்டார். காத்திருந்தவர்கள் நாங்கள்.

"இன்னொரு ஊசி போட்டிருந்தால் பிழைச்சிருப்பாக" என்று பெரியம்மா இன்றும் சொல்வதுண்டு. குறைந்தது ஊசியன்று, அந்த ஒரு மணி நேரம் என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. ஆகவே, அன்பர்களே, உங்களிடம் சொல்கிறோம்: விழுந்தவர் வெளிறிச் சில்லிட்டால், ஊசி போட்டாயிற்றென்று அமராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.