பின் டயரைக் காட்டிய கை

லா ஜொன்கேரா பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஸ்பெயின் ஊர். மலிவான சிகரெட்டுக்கும் பெட்ரோலுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குவியும் இடம். கோடை விடுமுறைக்குப் பாரிசிலிருந்து காரில் ஸ்பெயின் போகும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே நிறுத்தும். பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறும். அங்கிருந்து பார்சிலோனாவை நோக்கி இறங்கும் ஏபி-7 நெடுஞ்சாலையில் 2021 செப்டம்பர் முதல் சாலைச் சுங்கக் கட்டணமும் இல்லை. பைரனீஸ் மலை பின்னால் போனதும் காருக்குள் எல்லோருக்கும் உடம்பு தளர்ந்துவிடும்.

அப்படித் தளர்ந்திருந்த ஒரு குடும்பத்தின் காருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்து இணையாக ஓடியது. ஓட்டியவர் ஹார்ன் அடித்தார். அருகில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, இவர்களுடைய பின் சக்கரத்தைக் கைநீட்டிக் காட்டி, ஓரங்கட்டச் சொன்னார். முகத்தில் அவ்வளவு பதற்றம், அவ்வளவு அக்கறை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சைகை. சேலைத் தலைப்பு சைக்கிள் சக்கரத்தில் சிக்கப்போனாலும், மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்ட் மடங்காமல் இருந்தாலும், எதிரே வருபவர் கத்திச் சொல்லிவிட்டுப் போவார். கேட்டவர் உடனே நிறுத்துவார். கணவரின் காலும் பிரேக்கைத் தேடிப் போனது.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டாதையுங்கோ."

"ரயர் போட்டுதாம். பிள்ளையள் பின்னுக்கு இருக்கினம், விளங்குதே உமக்கு?"

"மெல்லமா ஓட்டுங்கோ. பெற்றோல் செட் வரட்டும்."

மனைவி காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டிலுள்ள எல்லோருடைய பிரெஞ்சு வதிவிட அட்டைகளும் பயணப் பத்திரங்களும் அதற்குள்தான் இருந்தன. காசு போனால் உழைக்கலாம். அட்டை போனால் பாரிசில் அதை வழங்கும் பிரிபெக்சர் அலுவலக வாசலில் மறுபடி அலைய வேண்டும். அகதிப் பயணப் பத்திரத்தோடு வந்தவர் அதைத் தொலைத்தால், சொந்த நாட்டுத் தூதரகத்தில் போய் நிற்கவும் வழியில்லை. சுற்றுலாப் பயணிக்குக் கெட்டுப்போன விடுமுறையாக முடிவது இவர்களுக்கு அன்றாட வாழ்க்கையையே நிறுத்திவிடும். மனைவியின் பிடிவாதத்தை அச்சம் என்று சொல்லிவிடக்கூடாது.

அந்தச் சாலையில் நடக்கும் களவின் முறை எளிது. சாலையோர நிறுத்தத்தில் ஆள் இறங்கிப்போன நேரம் பார்த்து ஒருவன் பின் டயரில் சின்னதாக ஒரு கீறல் போடுவான். காற்று உடனே போகாது. சில கிலோமீட்டர் போனபின் அதே கூட்டம் பக்கத்தில் வந்து கை காட்டும். நிறுத்தியதும் ஒருவன் குனிந்து டயருக்கு உதவுவான், மற்றவன் மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுப்பான். சில சமயம் டயரில் ஒன்றுமே இருக்காது, கை காட்டுவது மட்டும்தான். பிரிட்டன் அரசு ஸ்பெயின் போகும் தன் குடிமக்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை தருகிறது: குறிவைக்கப்படுவது வெளிநாட்டு எண் பலகை உள்ள கார்களும் வாடகைக் கார்களும். சாதாரண உடையில் வந்து போலீஸ் என்று சொல்லி நிறுத்துபவர்களும் உண்டு. போக்குவரத்து விஷயத்தில் உண்மையான போலீஸ் சீருடையில்தான் வரும். கத்தலோனியாவில் அது மொசோஸ் தெஸ்குவாத்ரா. சந்தேகம் வந்தால் 112 என்ற எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வேலை செய்யும்.

அபாய விளக்கைப் போட்டு, கணவர் வலது ஓரமாகவே உருட்டினார். வெள்ளைக் கார் சற்றுத் தூரம் கூடவே வந்து, பிறகு வேகமெடுத்துப் போய்விட்டது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியபோது பெட்ரோல் நிலையம் வந்துவிட்டது. டயர் உண்மையிலேயே பாதி இறங்கியிருந்தது.

அங்கே லாரியிலிருந்து ஒருவர் இறங்கி, கையில் வீல் ஸ்பேனரோடு வந்தார். எண் பலகையில் 'ஆர்ஓ', ருமேனியா. பாரிஸ் தமிழ்க் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் களவுப் பேச்சு வந்தால் முதலில் அடிபடும் நாடு அது. மனைவி எல்லாக் கதவுகளையும் பூட்டினார். பூட்டு விழும் சத்தம் லாரிக்காரருக்கும் கேட்டது. அவர் கோபப்படவில்லை. ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய் நின்றார். இரண்டு கைகளும் தெரியும்படி நின்றுகொண்டு, ஜாக்கை எங்கே வைக்க வேண்டும், எந்த நட்டை முதலில் தளர்த்த வேண்டும் என்று அங்கிருந்தே சைகையில் சொன்னார். கணவர் வேலையை முடிக்கும்வரை கிட்டே வரவே இல்லை. இந்தச் சாலையில் உதவி செய்ய எப்படி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் மனைவி கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளுக்கு வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். பை மடியைவிட்டு இறங்கவில்லை. இறங்கியிருக்கவும் வேண்டியதில்லை.

மாற்றுச் சக்கரம் மெலிந்த வகை, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. கிரோனா நகரத்து டயர் கடையில் பழைய டயரைக் கழற்றிப் பார்த்தார்கள். கீறல் பக்கச் சுவரில் இருந்தது. சாலையில் கிடக்கும் ஆணி பெரும்பாலும் தரையில் உருளும் பகுதியில்தான் குத்தும். பக்கச் சுவரில் இப்படி நேராகக் கீறியிருந்தால் கத்தியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்தில் வெட்டிய டயரை ஒட்டவும் முடியாது.

"பாத்தீங்களே?" என்றார் மனைவி.

"வெட்டினவன் வேற, காட்டினவன் வேறயா இருக்கலாம்தானே. ரயர் போனது உண்மைதானே."

வாதம் தெருவிலும் நிற்கவில்லை. முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்றார் மனைவி. ஒன்றும் களவு போகவில்லையே, அங்கே போய் என்ன சொல்வது என்றார் கணவர். "ரயரை வெட்டினது என்ன, தர்மமோ?" என்று கேட்டுவிட்டு மனைவி முன்னே நடந்தார். போலீஸ் நிலையத்தில் மூத்த மகள்தான் மொழிபெயர்த்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் அவளுடைய இரண்டாவது அந்நிய மொழி ஸ்பானிஷ். வெள்ளைக் காரைப் பற்றிக் கேட்டபோது, அதில் வந்தவர்கள் கள்ளர் என்று அம்மா சொல்கிறார், உதவிக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம் என்று அப்பா சொல்கிறார் என அவள் இரண்டையும் சொன்னாள். போலீஸ்காரர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.