விழுந்து திறக்கும் கத்தி

அஞ்சல் தலை சேர்ப்பவரைப் பாராட்டும் உலகம், கத்தி சேர்ப்பவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. என்னிடம் இருப்பதோ மூன்றே மடக்குக் கத்திகள். அவற்றுள் ஒன்று, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் பாராசூட் வீரர்கள் வைத்திருந்தது. கப்பலில் பணிபுரிந்த என் தாய்மாமன் பழம்பொருள் கடையொன்றில் வாங்கி வந்தார்.

அதில் சுருள்வில் கிடையாது. பிடியைக் கவிழ்த்து, பக்கத்திலுள்ள நெம்பை அழுத்தினால் அலகு தன் எடையாலேயே இறங்கும். நெம்பை விட்டால் பூட்டிக்கொள்ளும். ஒரு கை போதும். அவர்களுடைய பாராசூட் முதுகுப்புறம் ஒரே இடத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. வீரன் முன்புறம் சாய்ந்தே தொங்குவான். திசை திருப்ப வழியில்லை. மரத்தில் சிக்கினாலோ, தரையில் காற்று இழுத்துச் சென்றாலோ கயிற்றை அறுத்தால்தான் பிழைப்பு. 1941 மே 20 அன்று கிரீட் தீவில் குதித்தபோது பலருடைய துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் இறங்கின. கத்தி தொடைப் பையிலேயே இருந்தது. வந்தது பிறர் மண்ணைப் பறிக்கத்தான், அது வேறு. அமெரிக்கரின் எம்-2 கத்தியோ பொத்தானை அழுத்தினால் வில் விசையால் திறக்கும். அதற்கென மேற்சட்டையில் கழுத்தருகே ஜிப் வைத்த பை.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். கத்தி கைக்கு வந்த வாரமே உப்புத்தாளால் தேய்த்து, சாணை பிடிக்கக் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. அலகிலிருந்த சோலிங்கன் நகர முத்திரை போயிற்று. கூர்ப் பக்கத்தில் விழுந்திருந்த இரு சிறு பொக்கைகளும் போயின. எந்தக் கயிற்றை அறுத்தபோது விழுந்தவையோ! மாமா ஒன்றும் கூறவில்லை. வாங்கி, ஒருமுறை கவிழ்த்துத் திறந்து பார்த்து, மூடி என்னிடமே கொடுத்தார்.