இரண்டாவது குரலுக்கு ஒரு பெட்டி

இரண்டு கைகள், ஒரு கீபோர்டு, ஒரு மேடை. இவை போதும், பதினோரு பேர் கொண்ட மெல்லிசைக் குழுவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அரேஞ்சர் கீபோர்டு அதைத்தான் செய்திருக்கிறது. இடது கை ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ் கிடார், வயலின்கள் எல்லாம் அதைத் தொடர்ந்து தாமாகவே வாசிக்கின்றன. மெட்டை வலது கை பார்த்துக்கொள்ளும். அதனிடம் இல்லாதது மனிதக் குரல் ஒன்றுதான். அந்தக் குறையையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்திருப்பது வோக்கல் பிராசசர். மைக்குக்கும் மிக்சருக்கும் நடுவே உட்காரும் சின்னப் பெட்டி. பாடுபவரின் குரலைப் பிரதியெடுத்து, சுருதியை மாற்றி, ஒருவரை இருவராக, நால்வராக ஒலிக்க வைக்கும்.

தில்லியில் இருக்கும் என் நண்பர் இந்தப் பெட்டியைத் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் பொழுதுபோக்கு அல்ல. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், தலைநகரின் தமிழர் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் முப்பது ஆண்டுகளாக வாசிப்பவர். குழு கலைந்த பிறகு மிஞ்சியது அவரும் அவர் மனைவியும்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மனைவிக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சு பழையபடி திரும்பிவிட்டது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்லும் மெல்லிய நரம்பு ஒன்று, குரல்நாண்களை இறுக்கும் தசையை இயக்குகிறது. அது தளர்ந்தால் பேச்சில் அதிகம் தெரியாது, பாட்டில் உடனே தெரியும். ஒப்புக்கொண்ட கச்சேரிகள் காத்திருந்தன. நண்பர் 40,000 ரூபாய் ஒதுக்கிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பு என் தொழில். இத்தகைய கருவிகளின் கையேடுகளில் இருப்பதோ ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படும் ஆங்கிலம்.

செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஸ்பீக்கர்களும் ஆம்பிளிஃபையர்களும் கூரைவரை அடுக்கிக் கிடக்கும். அங்கே ஒரு கடையில் முதலில் காட்டப்பட்டது கிடார்காரர்களுக்கான பெட்டி. அது கிடாரின் ஒலியைக் கேட்டு, என்ன கார்ட் என்று ஊகித்து, அதற்குப் பொருந்தும் துணைக்குரலை உண்டாக்கும். அரேஞ்சர் கீபோர்டிலிருந்து வருவது தனி வாத்தியத்தின் ஒலியல்ல, ஒரு கூட்டத்தின் ஒலி. டிரம்ஸும் பேஸும் கலந்த அந்த இரைச்சலில் பெட்டி தடுமாறியது. பல்லவியில் சரியாகப் பாடிய துணைக்குரல் சரணத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டது.

கீபோர்டுகாரர்களுக்கு வேண்டியது மிடி இணைப்புள்ள பெட்டி. 1983இல் அறிமுகமான மிடி, ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக என்ற தகவலை மட்டும் அனுப்புகிறது. பெட்டி ஊகிக்க வேண்டியதில்லை. இடது கையே அதற்குக் கட்டளையிடும். ஆனால் இதிலும் இரண்டு சிக்கல்கள். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் பழைய ஐந்து ஊசி மிடி துவாரமே கிடையாது, கம்ப்யூட்டருக்கான யுஎஸ்பி மட்டும்தான். அதைப் பெட்டியுடன் இணைக்க நடுவில் இன்னொரு கருவி தேவைப்படும். அடுத்தது, மிடியில் பதினாறு சேனல்கள். தானியங்கி வாத்தியங்கள் வாசிப்பதும் அந்த வழியே போகும். பெட்டி எல்லாவற்றையும் கேட்டால் பேஸ் கிடாரின் ஒவ்வொரு அடிக்கும் துணைக்குரல் துள்ளிக் குதிக்கும். இடது கைக்கு ஒரு சேனலை ஒதுக்கி, அதை மட்டும் கேட்கும்படி பெட்டியை அமைக்க வேண்டும். கையேட்டில் இந்த விஷயம் இருந்தது, கடைசிப் பக்கங்களில்.

சுருதி திருத்தம் மற்றொரு பொறி. எண்ணெய் நிறுவனங்களுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்ற அமெரிக்கர், 1997இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். தவறும் ஸ்வரத்தை அருகிலுள்ள சரியான ஸ்வரத்துக்கு இழுத்துவிடும் அந்த வித்தை இன்று பெரும்பாலான வோக்கல் பிராசசர்களில் இருக்கிறது. எது சரியான ஸ்வரம்? பெட்டிக்குத் தெரிந்தவை பியானோவின் பன்னிரண்டு மட்டுமே. தோடியின் காந்தாரமோ நிற்கும் ஸ்வரமல்ல, அசையும் ஸ்வரம். திருத்தத்தை முழுதாக வைத்துக்கொண்டு நண்பர் தோடியை இழுத்தபோது கமகம் முழுக்கப் படிக்கட்டாகிவிட்டது. துணைக்குரலை நிறுத்தாமல் திருத்தத்தை மட்டும் அணைக்க முடியுமா என்று பார்க்காமல் நம்மவர்கள் எந்தப் பெட்டியையும் வாங்கக் கூடாது.

மூன்றாவது பெட்டியில் இருந்த ஒரு குமிழைக் காட்டியபோது கடைக்காரர் முகத்தில் பெருமிதம். சுருதியை மட்டும் உயர்த்தினால் அணில் கீச்சிடுவது போலிருக்கும். தொண்டையும் வாயும் குரலுக்குத் தரும் அதிர்வு நிறத்தையும் சேர்த்து மாற்றினால் ஆண் குரல் பெண் குரலாகிவிடும். நண்பர் பாடினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடினாள். அவர் தேடி வந்தது இதைத்தான்.

மனைவியும் உடன் வந்திருந்தார். கவனமாகக் கேட்டுவிட்டு, "குரல் நல்லாத்தான் இருக்குங்க. மேடையில நான் எங்கே நிக்கறது?" என்றார். கோபமில்லை, அழுகையில்லை. நாற்காலி எங்கே போடுவது என்று கேட்பது போலத்தான் கேட்டார். நண்பர் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்.

பிறகுதான் எங்கள் பேச்சு உருப்படியானது. இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு மைக்குக்குத்தான் இடம். அது யாருடைய மைக்? தன்னுடையது என்றே நண்பர் அதுவரை கணக்குப் போட்டிருந்தார். வாங்கியது மிடி உள்ள பெட்டிதான். இணைத்தது மனைவியின் மைக்கில். நண்பரின் மைக் நேராக மிக்சருக்குப் போகிறது.

முதல் மருந்து செலவில்லாதது. கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பாட்டை மூன்று அரைஸ்வரம் கீழே இறக்கினார்கள். அடுத்து பெட்டியிலுள்ள கம்ப்ரசர், அவருடைய தணிந்த குரலை வாத்தியங்களுக்கு மேலே கொண்டுவந்தது. இதை அளவோடு வைக்க வேண்டும், கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடும். துணைக்குரலுக்குக் காலால் மிதிக்கும் ஸ்விட்ச். நம் டூயட்டுகளில் இருவரும் பெரும்பாலும் ஒரே மெட்டை மாறி மாறிப் பாடுகிறார்கள். எல்லா வரிக்கும் துணைக்குரல் சேர்த்தால் தேவாலயப் பாடகர் குழு வந்துவிடும். பல்லவி திரும்பும்போது மட்டும் அவர் மிதிக்கிறார். அவர் பாடும் ஸ்வரத்துக்கு மேலே இன்னொரு ஸ்வரம் எழுகிறது. கழுத்தில் தழும்புக்குப் பின் எட்டாமல் போன உயரம் அது. கருவியின் சாயல் தெரிகிறது, ஆனால் குரல் அவருடையதுதான்.

விலை, எடை, எத்தனை எஃபெக்ட் என்றெல்லாம் கேட்டு வாங்குவதில் தவறில்லை. மிடி துவாரம் இருக்கிறதா, திருத்தத்தை அணைக்கலாமா என்று அதற்கு முன்பே கேளுங்கள். கடைக்குப் போகும்போது கீபோர்டைத் தூக்கிச் செல்லுங்கள். இதுவரை உங்களோடு பாடிவந்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத கேள்வியை அவர்தான் கேட்பார்.