சொல்தா வீட்டு அத்தை

ஜூலை 14 வந்தால் நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். சொல்தாக்கள் சட்டையில் பதக்கங்களோடு நிற்பார்கள். வருடத்துக்கு வருடம் அந்த வரிசை சிறுத்துக்கொண்டே வருகிறது. அவர்களுக்கு மரியாதை செய்வது நியாயம்தான். ஆனால் அவர்கள் தூர தேசத்தில் இருந்தபோது இங்கே குடும்பத்தைக் கட்டிக் காத்த பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். புதுச்சேரிக்காரர்கள் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, 1954 வரை இந்தோசீனாவிலும், பிறகு 1962 வரை அல்ஜீரியாவிலும் இருந்தார்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டு அத்தையின் கணவரும் அப்படித்தான். ரத்த உறவு இல்லை; வாய் நிறைய அத்தை. மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். அத்தை படித்தது தமிழில் இரண்டாம் வகுப்பு. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால், "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு, பாரு" என்று காகிதத்தை நீட்டுவார்.

அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் துணிப்பைகள். சம்பளத்தில் வீட்டுக்கு ஒதுக்கிய பணத்தின் தாள்கள் ஒன்றில், லிவ்ரே தெ ஃபமீய் என்ற குடும்பப் புத்தகம் ஒன்றில், கடிதங்கள் ஒன்றில். பிரெஞ்சு படிக்கத் தெரியாது. முத்திரையையும் தாளின் நிறத்தையும் வைத்தே அடையாளம் கண்டுகொள்வார். ஒருநாளும் பை மாறியதில்லை.

மாமாவுக்குக் கடிதம் எழுதுவதும் நான்தான். ஒருமுறை சின்னவனுக்கு விஷக்காய்ச்சல். பத்து நாள் கண் விழித்தார். அதுவரை கடிதம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிள்ளை எழுந்து கஞ்சி குடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "காய்ச்சல் வந்து போச்சுன்னு எழுது. துப்பாக்கி பிடிக்கிற கை, நடுங்கக் கூடாது" என்றார்.

கீற்று வீட்டை விட்டுப் போன மாமா திரும்பி வந்தபோது ஓட்டு வீடு நின்றது. கொத்தனாரோடு பேரம் பேசியது, செங்கல் எண்ணி இறக்கியது எல்லாம் அத்தை.

1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பிறப்புப் பதிவையும் கல்யாணப் பதிவையும் தேடி அலையாத வீடு குறைவு. அத்தை வீட்டில் பெட்டியைத் திறந்தார்கள், அவ்வளவுதான். பிற்பாடு மாமா காலமானபோது, விதவைப் பென்ஷனுக்குக் கேட்ட அத்தனை காகிதமும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அதைவிட ஒழுங்கான ஆவணக் காப்பை எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. இதை அத்தையிடமே சொன்னேன். "நான் என்னப்பா செஞ்சேன்? வீட்டுல இருந்தேன்" என்றார்.

அந்த "வீட்டுல இருந்தேன்" என்பதற்குள் ஒரு வீடு, மூன்று பிள்ளைகளின் படிப்பு, ஒரு மாமியாரின் கடைசிக் காலம், ஒரு சிப்பாயின் நிம்மதி எல்லாம் அடங்கியிருக்கிறது. அத்தை இன்று இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து, என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் தொடங்குவார். எழுந்துவிடாதீர்கள்.