பனியும் பாதமும்

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமன்றி வேறு பருவம் அறியாத மலேசியாவில், காலணி என்பது நம்மவர்க்குப் பெரும்பாலும் கண்ணுக்குரிய பொருளாகவே இருந்து வருகின்றது. திருமணத்திற்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, வாயிலில் கழற்றி விடுவதற்கு ஒன்று என வாங்குகின்றோமேயன்றி, உடலைக் காக்கும் கருவியென அதனைக் கருதுவோர் சிலரே. பனி பொழியும் தேசத்திற்குப் புறப்படுங்கால் இவ்வழக்கம் பெருந்துன்பத்தில் கொண்டுபோய் விடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் தமக்கையார், ஜப்பானின் வட தீவாகிய ஹொக்கைடோவில் கல்வி பயின்று வந்த தம் மகனைக் காணச் சப்போரோ நகருக்குச் செல்ல விரும்பினார். அந்நகரில் ஓராண்டில் பொழியும் பனியை ஒருங்கே கூட்டினால் ஏறக்குறைய 5 மீட்டராகும். தமக்கையாரோ முப்பது ஆண்டுகள் பெரட்டுக்கு முன் எழுந்து, வெறுங்காலுடன் நிரை நிரையாய்ப் பால்மரம் வெட்டியவர். அவர் அறிந்த பனி புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. கதிரவன் எழுந்ததும் மறைந்து விடுவது. அவருக்குச் சப்பாத்து வாங்கித் தரும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது, மேலே துணியும் உள்ளே பஞ்சு மயிருமாக அழகிற் சிறந்ததொரு சோடி. "தண்ணீர் புகுமா?" என்று கேட்டோம். "நல்ல சூடாக இருக்கும்" என்றார். நாம் கேட்டதொன்று, அவர் சொன்னது வேறொன்று. உண்மை யாதெனில், குளிர் காலத்தில் காலுக்குப் பகை குளிரைக் காட்டிலும் ஈரமே. பத்துப் பாகை உறைகுளிரில் உலர்ந்து கிடக்கும் பனியில் நடப்பவனைவிட, பாதி உருகிய பனிச்சேற்றில் நடப்பவனே விரைவில் துன்புறுவான். முதல் உலகப் போரில் அகழிகளில் நின்ற வீரர்களின் கால்கள், உறைபனி இல்லாத நாட்களிலும் ஈரத்தாலேயே மரத்து அழுகின. அதனைத் தடுக்கவே பிரிட்டிஷ் அரசாங்கம் எடின்பரோவில் 1856-ல் தொடங்கப்பெற்ற நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியிடமிருந்து பத்து லட்சம் சோடிக்கு மேல் முழங்கால் அளவுக் கித்தாச் சப்பாத்துகளை வாங்கிற்று. அந்நாளில் உலகச் சந்தைக்குப் போன தோட்டக் கித்தாவில் பெரும்பங்கு மலாயாவினுடையது. பாலெடுத்த நம் பாட்டன் பாட்டிமாரோ வெறுங்காலர்!

இது நிற்க. முழுதும் கித்தாவாலானது வெளி நீரைத் தடுக்கும். ஆயின் உள்ளே ஊறும் வியர்வையையும் வெளிவிடாது. நெடுநேரம் நடப்பவர்க்கு அதுவும் ஈரமே. ஆதலின் அடியும் கணுக்கால் வரையும் கித்தா, அதன்மேல் மெழுகு பூசிய தோல், நாக்கு இருபுறமும் பிரியாமல் தைக்கப்பட்டது என்று பார்த்தெடுத்தோம். நீர் புகுவது பெரும்பாலும் நாக்கின் ஓரத்திலேதான்.

அளவில்தான் தொல்லை நேர்ந்தது. ஆயுள் முழுதும் வெறுங்காலால் நடந்தவரின் விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும். பெண்களுக்கென்று செய்தவை யாவும் முனை குறுகியவை. இறுக்கமான சப்பாத்து எத்துணைத் தடிப்பாயினும் சூடு தராது. இரத்த ஓட்டம் தடைப்படும். சூட்டைத் தாங்கி நிற்கும் காற்றுக்கும் இடமிராது. பருத்திக் காலுறையை விலக்கி, தடித்த கம்பளிக் காலுறை அணிவித்து, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையிலேயே போட்டுப் பார்த்தோம். இறுதியில் பொருந்தியது ஆடவர் சப்பாத்து. கடைப்பையன் சிரித்தான். "கால் என்னுடையது, சிரிப்பு அவனுடையது, எடு தம்பி" என்றார் தமக்கையார்.

அப்பயணத்தில் எம்முடன் வந்த அன்பர் ஒருவர், மைத்துனர் வீட்டில் ஏழாண்டு பெட்டியிற் கிடந்த சோடியை இரவல் பெற்று வந்தார். பார்வைக்குப் புத்தம் புதிது. சப்போரோவில் இரண்டாம் நாள், நடுத்தெருவில் அதன் அடி உதிர்ந்து பொடியாயிற்று. நம் நாட்டினர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தியிது. இக்காலச் சப்பாத்துகள் பலவற்றின் அடியில் வைக்கும் பாலியூரித்தேன் என்னும் மென்பொருள், நம் வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் தானே சிதையும். அணியாமல் வைத்தாலும் கெடும். இரவல் வாங்குவோர் அடியை வளைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெடிப்போ துகளோ தென்பட்டால் திருப்பித் தந்து விடுதல் நன்று.

வழுக்கல் வேறு உளது. மலிவான பிளாஸ்டிக் அடி குளிரில் கல்லாய் இறுகிவிடும். கித்தா அடி அவ்வளவு எளிதில் இறுகாது. எனினும் மெருகேறிய பனிக்கட்டிமேல் எதனையும் முழுதாய் நம்பலாகாது. சப்போரோவின் தெருச்சந்திகளில் மணற்பைகள் நிறைந்த பெட்டிகளுண்டு. நடப்போர் தாமே எடுத்துத் தூவிக்கொள்ளலாம். தமக்கையார் இரண்டு நாளில் அதனைக் கற்று, பின்னால் வருவோர்க்கும் சேர்த்தே தூவி நடந்தார். இரவில் ஈரமான சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைப்பார். கணப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும் என மகன் சொல்லியிருந்தான்.

ஊர் திரும்பியதும் அதனைப் பெட்டியிலிட்டுப் பூட்ட அவர் இசையவில்லை. அடுத்த பனிக்காலத்தில் கொரியாவுக்குப் புறப்பட்ட அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினார். அப்பெண்ணின் காலும் அகன்ற கால்தான். அவள் தாயும் பால் வெட்டியவர்.