ஒரு ஜோடிக் கையுறை

பழைய தமிழில் கையுறை என்றால் தலைவன் தலைவிக்குக் கொண்டு போகும் தழையும் பூவும். அன்பளிப்பு என்று பொருள். கைக்கு மாட்டும் உறை என்பது அப்புறம் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். வெயில் காயும் ஊரில் பிறந்தவனுக்குக் கைக்கு எதற்கு உறை? நான் சிறுவயதில் கையுறை போட்ட கைகளைப் பார்த்தது இரண்டே இடத்தில்தான். ஒன்று, கல்யாண ஊர்வலத்துப் பாண்டு வாத்தியக்காரர்களிடம். மற்றொன்று, நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரரிடம். இரண்டும் வெள்ளைத் துணி, இரண்டும் பார்வைக்கு.

ஆகையால் மோட்டார் சைக்கிளுக்கென்று நான் முதன்முதலில் கையுறை வாங்கியதும் பார்வைக்குத்தான். உதகை மார்க்கெட்டில், கறுப்புக் கம்பளி நூலில் பின்னியது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். ஏதோ மலையேறும் வீரனைப் போல இருந்தது. நாற்பதைக் கடந்தவனுக்கு அந்தத் திருப்தி போதாதா?

என் தங்கை வீடு குன்னூரில் இருக்கிறது. 2021 நவம்பரில் என் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து அங்கே போயிருந்தேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு நாள் இரண்டு பேருமாக உதகைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினோம். சுமார் 20 கிலோமீட்டர் தூரம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டும் மழைகூட அல்ல; ஊசி ஊசியாய் இறங்கும் மலை மழை. நிற்பதற்குப் பத்து நிமிஷம் யோசித்து, இன்னும் கொஞ்ச தூரந்தானே என்று போய்க்கொண்டே இருந்தேன்.

கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்தது. முதலில் விரல் நுனி வலித்தது. பிறகு வலி நின்றுவிட்டது. நின்றதும், பரவாயில்லை, பழகிவிட்டது என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. அரவங்காட்டுக்கு முன்னால் ஒரு இறக்கமான வளைவில் எதிரே ஒரு காரட் லாரி நின்றுகொண்டிருந்தது. வலது கை விரல்களை நீட்டி பிரேக்கைப் பிடிக்க வேண்டும். நீட்டச் சொன்னேன், விரல்கள் நீளவில்லை. ஆக்ஸிலேட்டரைப் பிடித்தது பிடித்தபடி, யாரோ அந்நியனுடைய கை மாதிரி, அப்படியே இருந்தன. கால் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் வழுக்கி ஒரு பக்கமாக இழுத்தது. வண்டி நின்றபோது லாரியின் பின்பலகைக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள் மகள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மழைக்கோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு என் முதுகில் சாய்ந்திருந்தாள்.

"டீ குடிக்கலாம்னு" என்றேன்.

நல்ல வேளையாக, சற்றுத் தள்ளி உண்மையாகவே ஒரு டீக்கடை இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, சூடான எஞ்சின்மீது கையை வைக்கப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பால்காரர் ஒருவர் பதறி எழுந்துவிட்டார்.

"அதுல வெக்காதீங்க சார்! மரத்த கைக்குச் சுடறது தெரியாதுங்க. தோல் போயிரும். அக்குள்ல வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது. உயிர் வரும்போது பட்ட வேதனையை எழுதப் பிரயோஜனமில்லை, பட்டவர்களுக்குத் தெரியும்.

பால்காரரின் கையுறைகள் அவருடைய மொபெட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே கம்பளி, அதற்குமேல் பாத்திரம் தேய்க்கும் சிவப்பு ரப்பர் உறை, இரண்டு அளவு பெரியது. "காத்தும் தண்ணியும் உள்ள வராம இருந்தாப் போதுங்க. சூடு நம்ம கையிலயே இருக்குதுங்களே!" என்றார்.

நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான். கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கிற சூட்டைக் காப்பாற்றுகிறது. 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வெறும் தோலுக்கு அது 5, 6 டிகிரி போலப்படும். அதோடு நனைந்துவிட்டால் கேட்க வேண்டாம். தண்ணீர் காற்றைப்போல் சுமார் 25 மடங்கு சுலபமாகச் சூட்டைக் கடத்திவிடும். போதாததற்கு, உடம்பு ஒரு கெட்டிக்காரக் குடும்பத் தலைவன். வருமானம் குறைந்தால் முதலில் வெளிச் செலவைக் குறைப்பான். இருதயமும் நுரையீரலும் பிழைக்க வேண்டுமென்று விரல்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடும். அந்த விரல்களில்தான் பிரேக் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பெரிய கடைக்குப் போனேன். உள்ளதற்குள் தடிமனானதை எடுத்தேன். கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி இருந்தது. கதகதப்புக்குக் குறைவில்லை, ஆனால் ஹாரன் பொத்தானை அமுக்கினால் இண்டிகேட்டர் எரிந்தது. பிரேக் பிடியை எவ்வளவு இழுத்திருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியவில்லை. மரத்த கைக்கும் மெத்தை கட்டிய கைக்கும் வித்தியாசம் என்ன? திருப்பிக் கொடுத்தேன். கடைப் பையன் சிரித்துக்கொண்டே வேறொன்று எடுத்தான். அது இறுக்கம். இறுக்கமான உறையும் ஆகாது. ரத்த ஓட்டத்தை நெரிக்கும், விரலைச் சுற்றி நிற்க வேண்டிய காற்றுக்கும் இடமிராது.

மூன்றாவதாக வாங்கியது நீர் புகாதது. அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த வித்தை இது. வாணலியில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது கிழியாமல் நுண்ணிய துளைகளோடு விரிந்தது. மழைத்துளி நுழைய முடியாத துளை. வியர்வையின் ஆவி மட்டும் வெளியே போகும். அற்புதந்தான். ஆனால் நான் வாங்கிய ஜோடியில் உள்துணி விரல் நுனியில் தைக்கப்படவில்லை. ஈரக் கையை உருவினேன்; துணியும் கூடவே வந்தது. அப்புறம் விரலை உள்ளே விட முடியவில்லை. பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டு, சின்னக் குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல என் கைக்கு நானே மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, இப்போது நான் கடைக்குப் போனால் பையனைச் சும்மா விடுவதில்லை. உறையைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிற வண்டியில் ஏறி உட்காருவேன். பிரேக், கிளட்ச், ஹாரன் எல்லாவற்றையும் பார்க்காமல் தொடுவேன். கைப்பிடியைப் பற்றும்போது விரல் நுனியில் சிறிது இடம் மிஞ்சுகிறதா? ஈரக் கையை உருவினால் உள்துணி அசையாமல் இருக்கிறதா? இடது ஆள்காட்டி விரலில் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்க ரப்பர் பட்டை உண்டா? வலது கை ஆக்ஸிலேட்டரை விடக்கூடாதல்லவா! உள்ளங்கையில் நல்ல தோல் இருக்கிறதா? விழுகிறவன் முதலில் ஊன்றுவது கையைத்தான். ரப்பர் உறை குளிரைத் தடுக்கும், தார் ரோட்டைத் தடுக்காது. ஈ.என். 13594 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால் அதையும் பார்த்துக்கொள்வேன்.

மழைக்கோட்டின் கை உறைக்கு மேலேயா, உள்ளேயா என்று பெரிய விவாதம் உண்டு. மழை தோளிலிருந்து வழிந்து கைக்கு வருகிறது. ஆகையால் கோட்டுக் கை மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறை ஒரு செம்பு மாதிரி நிரம்பிவிடும். ஆனால் காற்று எதிர்த் திசையில் தண்ணீரைத் தள்ளுகிறதே? கோட்டுக் கையை மணிக்கட்டில் பட்டையால் இறுக்கிவிட்டால் தீர்ந்தது. பால்காரர் அதற்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு நல்லதாக ஒரு ஜோடி கிடைத்தது. வாங்கும்போது மகளும் கூட இருந்தாள். "அவள் அளவில் இன்னொன்று" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா? நான் பிரேக்கா பிடிக்கிறேன்?"

"என்னைப் பிடிச்சுக்கணுமே."

அவள் போட்டுப் பார்த்து, விரல்களை மடக்கி நீட்டினாள். அப்போதுதான், அந்த டீக்கடையில் நான் ஏன் நிறுத்தினேன் என்ற உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு என் வலது கையைப் பிடித்து, உறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள்.

"இடம் இருக்குப்பா. இதையே வாங்கிக்கலாம்" என்றாள்.