ஒரு பெரிய கார்டா, இரண்டு சின்ன கார்டா?

போன சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. கம்ப்யூட்டருக்குள் போடுகிற கிராபிக்ஸ் கார்டு சம்பந்தமான பஞ்சாயத்து. எழுபதை நெருங்குகிற கிழவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பணம் என்னுடையது. அதனால் தீர்ப்பும் என் தலையில் விழுந்தது.

பேரப்பிள்ளைகளுக்கென்று பேங்கில் போட்டு வைத்திருந்த டெபாசிட் முதிர்ந்து 48 ஆயிரம் கைக்கு வந்தது. பேத்தி கல்லூரியில் கடைசி வருடம். பிளெண்டர் என்ற மென்பொருளில் பொம்மைப் படம் செய்கிறாள். அது இலவசமாகக் கிடைப்பது. லாட்வியா நாட்டில் அதே மென்பொருளில் எடுத்த ‘ஃப்ளோ’ என்ற படத்துக்கு 2025-ல் ஆஸ்கர் கிடைத்ததை வீட்டில் எல்லோருக்கும் நாலு தடவை சொல்லியிருப்பாள். அவளுக்கு முதன்முதலாகக் கூலி வேலை ஒன்று வந்திருந்தது. தேரோட்டம் மாதிரி ஒரு நிமிடப் படம்.

ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். ஒரு விநாடிக்கு 24 படம், ஆக 1,440 படம். இருந்த பழைய மெஷினில் ஒரு படம் முடிய 15 நிமிடம். கணக்குப் போட்டால் 360 மணி நேரம். ராப்பகலாக ஓடினாலும் 15 நாள். நம்ம கப்பலூரில் சித்திரை மாதம் கரண்டு எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் தம்பி பிளஸ் டூ. அவனுக்கும் கார்டு வேண்டும். விளையாடத்தான், மறைப்பானேன். “தாத்தா, ஒரே பெரிய கார்டு வாங்குறதுக்குப் பதிலா சின்னது ரெண்டு வாங்குங்க. ஒரே மெஷின்ல ரெண்டையும் மாட்டுனா டபுள் ஸ்பீடு” என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சிட்கோ தொழிற்பேட்டையில் 27 வருடம் லேத் பிடித்தவன் நான். ஒரு மெஷின் படுத்தால் இன்னொன்று ஓடும் என்பது எங்கள் தொழிலின் வேதம்.

பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. “விசாரிச்சுப் பாருங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானும் விசாரித்தேன்.

இரண்டு கார்டை ஏர் மாடு போல ஜோடி பூட்டுவது புது யோசனை இல்லையாம். 1998-லேயே 3டி.எஃப்.எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, தன் வூடூ 2 கார்டில் இரண்டை இணைத்து ஓட்டிக் காட்டியது. திரையில் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படைக் கோடுகளை இன்னொன்று வரையும். பிறகு 2004-ல் என்விடியாவும், 2005-ல் ஏ.டி.ஐ.யும் இதைக் கொண்டுவந்தன. ஒரு படம் நீ, அடுத்த படம் நான் என்று மாற்றி மாற்றி வரைகிற முறை வந்தது. காகிதத்தில் வேகம் இரட்டிப்பு. ஆனால் ஒரு மாடு ஒரு எட்டு முந்தினால், இன்னொன்று அரை எட்டு பிந்தினால் வண்டி குலுங்குமே, அதே குலுக்கல் திரையிலும் வந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக ஏற்பாடு செய்தால்தான் இரண்டும் சேர்ந்து இழுக்கும். கடைசியில் என்விடியா, 2021 ஜனவரியிலிருந்து இதற்குப் புதிய ஏற்பாடுகள் செய்வதையே நிறுத்திவிட்டது. கடைக்காரர் எங்களுக்குக் காட்டிய சின்ன கார்டில் ஜோடி பூட்டுவதற்கான இணைப்பே கிடையாது. பேரன் சொன்னது அவன் பிறந்த காலத்துக் கதை.

ஆனால் பேத்தியின் வேலை வேறு மாதிரி. பிளெண்டரில் இரண்டு கார்டும் தனித்தனியாக வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அப்படியானால் இரண்டு வாங்கலாமே என்றேன். ஆர்.டி.எக்ஸ் 3050 இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 ஜி.பி. நினைவகம். அல்லது ஆர்.டி.எக்ஸ் 4060 டி.ஐ. ஒன்று, 16 ஜி.பி. நினைவகம். எட்டும் எட்டும் பதினாறுதானே?

“இல்ல தாத்தா. முழுத் தேரையும், கூட்டத்தையும், கோபுரத்தையும் ரெண்டு கார்டுமே தனித்தனியா நினைவுல வச்சுக்கிடணும். எட்டு எட்டாத்தான் இருக்கும். பதினாறு ஆகாது. என் காட்சி எட்டுக்குள்ள அடங்காது. அடங்கலேன்னா நின்னுரும், இல்லேன்னா நத்தை மாதிரி நகரும்.”

சட்டென்று புரிந்துவிட்டது. ஆறடி ஷாப்டை நாலடி பெட் உள்ள லேத்தில் ஏற்ற முடியாது. அந்த நாலடி லேத் பத்து வைத்திருந்தாலும் முடியாது. இருநூறு போல்ட்டு என்றால் பத்து லேத்துக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே ஷாப்டு என்றால் பெரிய லேத்தைத்தான் தேட வேண்டும். இதை என் பட்டறையில் சின்னப் பையன்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

கரண்டுக் கணக்கும் பார்த்தேன். சின்ன கார்டு ஒன்றுக்கு 130 வாட், இரண்டுக்கு 260. பெரியது 165 வாட்தான். இரவில் 6 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 34 யூனிட் வித்தியாசம். இலவச யூனிட்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

எல்லாக் கணக்கும் பெரிய கார்டு பக்கமே நின்றது. ஆனாலும் மறுநாள் காலையில், “ஆளுக்கு ஒண்ணா சின்னதே வாங்கிருவோம். ரெண்டு பேருக்கும் சமமா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். பேத்தி எதுவும் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். 1973-ல் நானும் அப்படித்தான் தலையை ஆட்டினேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம். கணக்கில் நல்ல மார்க்கு. பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கும் என்று வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னார். அய்யாவிடம் கொல்லைக்காட்டை விற்ற பணம் கொஞ்சம் இருந்தது. மூன்று வருடம் என்னைப் படிக்க வைத்தால் மொத்தமும் எனக்கே போய்விடும். எனக்குப் பின்னால் தம்பி நிற்கிறான். “ரெண்டு பேருக்கும் சமமா இருக்கட்டும்” என்று அய்யா பாதியாகப் பிரித்தார். நான் ஐ.டி.ஐ.க்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து அவனும் ஐ.டி.ஐ. சூப்பர்வைசர் நாற்காலியில் டிப்ளமா படித்த பையன்கள் வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு அய்யா மேல் வருத்தம் வரும். அவர் சாகும்வரை அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

அன்று ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறான். கார்டு கதையைச் சொல்லிவிட்டு, “அய்யா அன்னைக்குச் செஞ்சது சரியாடா?” என்று கேட்டேன். ஐம்பது வருடத்தில் முதல் தடவை.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: “உன் பட்டறை ஏழு மாசம் பூட்டிக் கிடந்துச்சே, அப்ப என் சம்பளத்துலதானண்ணே ரெண்டு வீடும் ஓடுச்சு. அதை நெனச்சா அய்யா செஞ்சது சரி. ஆனா நீ பெரிய படிப்பு படிச்சிருந்தா என்னைய விட்டுருக்க மாட்டேங்கிறது எனக்குத் தெரியும். அய்யாவுக்குத்தான் தெரியல. அவரு அண்ணன் அவரை விட்டுட்டுப் போனாரில்ல.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. அய்யா பணத்தைப் பிரிக்கவில்லை, பயத்தைப் பிரித்திருக்கிறார். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓட வேண்டுமே என்ற பயம். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அது தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்தை நான் இந்தப் பிள்ளைகள் தலையில் வைக்க வேண்டுமா? கார்டு ஒன்றாக இருந்தாலும் நேரத்தைப் பிரிக்கலாம். பணத்தைப் பாதியாக வெட்டித்தான் சமம் காட்ட வேண்டும் என்றில்லை.

காலையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பெரிய கார்டு ஒன்றுதான். ராத்திரி பத்திலிருந்து விடியும்வரை அக்காவின் தேர் ஓடும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மெஷின் தம்பிக்கு. பேரன் முகம் சுருங்கியது. “சமமா வாங்கலாம்னு சொன்னீங்களே தாத்தா” என்றான். சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். அவன் அதற்குள், “சாயங்காலம் ரெண்டு இல்ல, மூணு மணி நேரம்” என்று பேரம் பேச ஆரம்பித்தான். அக்கா சம்மதித்தாள்.

அன்றைக்கே மூன்று பேரும் பஸ் ஏறிப் பெரியாரில் இறங்கி வாங்கி வந்தோம். ஒரு படம் முடிய இப்போது இரண்டு நிமிடம். 1,440 படமும் எட்டு ராத்திரியில் முடிந்தது. நடுவில் ஒரு நாள் கரண்டு போய் மூன்று மணி நேர வேலை கெட்டது. கூலிப் பணம் வந்ததும் முதல் வேலையாக அவள் தம்பிக்கு நல்ல கீபோர்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதை என் தம்பியிடம் போனில் சொன்னேன். “நான்தான் சொன்னேன்லண்ணே” என்றான்.